ஜோடி, ஜோ, ஜோஜோ

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தாய்மாமா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். அதைச் சீட்டாக அடித்துச் சரக்கோடு கட்டிவிடுவார்கள். பிரிண்டர் 2 இஞ்ச் ரோல் போடுவது. வரி கொஞ்சம் நீண்டால் மடங்கிப் போய், எண்ணிக்கை ஒரு வரியிலும் எடை அடுத்த வரியிலுமாகக் கிடக்கும். "ஜோடிங்கறத ஜோன்னு சுருக்கிப் போட்று மாப்ள, அது போதும்" என்றார். அஞ்சு நிமிட வேலை என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

பைதான் என்ற நிரல்மொழியில் ரீப்ளேஸ் என்று ஒரே வரியில் முடிக்கலாம்தான். ஆனால் ஆர்டரில் 'ஜோடிக்கு 60 கிராம்' என்றும் வரும். அது 'ஜோக்கு 60 கிராம்' ஆகிவிட்டால் மாமா முகத்தில் விழிக்க முடியாது. அதனால் இடம் பார்த்து மாற்றலாம் என்று லூப் போட்டேன். முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார். 'ஜ' வந்தால் அங்கிருந்து நாலு எழுத்தை வெட்டி 'ஜோ' வை. ஓட்டியதும் 'ஸ்ட்ரிங் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்', அதாவது வரியில் இல்லாத இடத்தைக் கேட்கிறாய் என்று நின்றது.

சோதனைக்கு எடுத்த வரி இது: 'கொலுசு 12 ஜோடி, கொலுசு 8 ஜோடி'. கணினிக் கணக்கில் இதன் நீளம் 29. ஜோடி நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு ஜ, ஓகாரக் குறி, ட, இகரக் குறி என்று நாலு. லூப் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை ரேஞ்ச் என்ற கட்டளை தொடக்கத்திலேயே 29 என்று எழுதி வைத்துக்கொண்டுவிட்டது. உள்ளே நான் வரியை வெட்டிக்கொண்டே போகிறேன். இரண்டு ஜோடியும் சுருங்கியதும் வரியின் நீளம் 25. கணினி இடங்களை 0விலிருந்து எண்ணுவதால் கடைசி இண்டெக்ஸ் (இட எண்) 24. லூப் 25ஐக் கேட்டதும் பிழை. நியாயமான பிழைதான்.

சரி என்று மாற்றி எழுதினேன். முதலில் ஜோடி இருக்கும் இடங்களை மட்டும் பட்டியலாக எடுத்துக்கொள்வது, அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றுவது. பிழை போய்விட்டது. நிம்மதியாக மாமாவுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். கை கழுவுவதற்குள் போன். "என்றா மாப்ள, சீட்டு தாலாட்டு பாடுது? ஜோஜோங்குது!"

போய்ப் பார்த்தால், 'கொலுசு 12 ஜோ, கொலுசு 8 ஜோஜோ'. பட்டியலில் இருந்த இடங்கள் 10, 25. பத்தில் மாற்றியதுமே வரி இரண்டு எழுத்து சுருங்கி, அடுத்த ஜோடி 23க்கு நகர்ந்துவிட்டது. நான் பழைய 25ஐ நம்பி அங்கே வெட்டினேன். 'டி' போய் அந்த இடத்தில் இன்னொரு 'ஜோ' உட்கார்ந்துகொண்டது. ஒற்றை எழுத்தாகக் கேட்டால்தான் பைதான் கத்தும். துண்டாக வெட்டினால் எல்லை தாண்டினாலும் வாயைத் திறக்காது. கத்தாத பிழைதான் அரை நாளைத் தின்றது.

தீர்வு என்னவோ ஒரு சொல்தான்: பட்டியலைத் தலைகீழாக்கிக் கடைசியிலிருந்து மாற்றுவது. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவதை நேராக்கிவிட்டால் அதற்கு மேலே உள்ள எல்லாவற்றுக்கும் எண் மாறும். உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டே நேராக்கினால், இனிமேல் தொட வேண்டிய எதற்கும் எண் மாறாது.

'ஜோடிக்கு' என்ற சொல்லைத் தொடாமல் விடுவது மட்டும் பாக்கி. சொல்லின் இரு பக்கமும் எல்லைக் குறி வைத்து ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) தேடினேன். அது தனி ஜோடியை விட்டுவிட்டு ஜோடிக்குவை மட்டும் சரியாகப் பிடித்துக் கொடுத்தது! பைதானின் அந்த நூலகத்துக்கு இகரக் குறி எழுத்தே அல்ல. அதனால் 'டி'க்கு அப்புறம் வெற்றிடம் வந்தால் அதன் கண்ணுக்கு எல்லை தெரியாது. 'க்' வந்தால் எல்லை. இதை எழுதியவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம் என்று ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில், 'ஜோடி'க்கு அடுத்த எழுத்தை நானே எட்டிப் பார்த்தேன். வரியே ஜோடி என்று முடிந்தால் 29ஆவது இண்டெக்ஸ் இல்லை, மறுபடி அதே பிழை. 29லிருந்து 30 வரை துண்டாகக் கேட்டால் வெற்று ஸ்ட்ரிங் வரும், பிழை வராது. காலையில் என்னைக் கவிழ்த்த அதே குணம் சாயங்காலம் கைகொடுத்தது. "பெரிய ரோலு போடற மிஷினே வாங்கியிருக்கலாமோ?" என்று நடுவில் மாமா கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு வாடிக்கையாளரின் சீட்டு மட்டும் இப்படி வந்தது: 'கொலுசு 8 ஜோடஜோலுசு 8 ஜோடி'. ஒற்றை உருப்படி ஆர்டர்களுக்குக் குறுக்கு வழியாக ஃபைண்ட் என்ற தேடும் கட்டளையைப் போட்டிருந்தேன். கிடைக்காவிட்டால் அது மைனஸ் 1 தரும். பைதானில் மைனஸ் 1 என்றால் கடைசி எழுத்து. ஆக, கடைசி இகரத்தை வெட்டி, 'ஜோ' வைத்து, மைனஸ் ஒன்றோடு நாலைக் கூட்டி மூன்றாவது இடத்திலிருந்து வரியை மறுபடி ஒட்டியிருக்கிறது.

ஜோடிதான் கண்ணெதிரே இருக்கிறதே, ஏன் கிடைக்கவில்லை? அவர் அனுப்பியதில் ஓகாரம் ஒரே குறியாக இல்லை. ஏகாரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாக இருந்தது. பார்வைக்கு ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. கொலுசும் அப்படித்தான்: ஒற்றைக் குறியென்றால் நீளம் 6, பிரித்து வைத்தால் 7. இப்படி இரு விதமாக வருவதை ஒரே வடிவமாக்கும், அதாவது யூனிகோட் நார்மலைஸ் செய்யும் ஒரு வரியை, ஆர்டர் உள்ளே வரும் வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.