லயத்துப் படியிலிருந்து தொடங்கும் பயிற்சி

இலங்கை மலையகத்து முதியவர் ஒருவரை மறுபடி நடக்க வைக்க வேண்டுமென்றால், அவர் திரும்பிப் போகப்போகும் லயத்தை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஹட்டன் பக்கத்துப் பராமரிப்பு இல்லமொன்றில் தாதியாக இருக்கும் எனக்கு இதில் ஐயமே இல்லை.

எங்களிடம் வருபவர்களில் பலர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள், அல்லது பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள். ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் நிலையில் உடம்பு இருக்காது. எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறோம், படுக்கைப் புண் வராதிருக்க. உட்காரத் தொடங்கியவரை இயன்மருத்துவர் நடைச்சட்டத்தோடு நிற்க வைப்பார்.

எங்கள் இல்லத்தில் தரை சமம். சுவர் நெடுகப் பிடிகம்பி உண்டு. இங்கே நன்றாக நடக்கும் ஓர் அம்மாயி, வீட்டில் என்ன செய்வார்? வெள்ளைக்காரன் காலத்து லயம், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), அதிலிருந்து இறங்கும் உயரமான கல்படிகள், கீழே கான் (வடிகால்), கானைத் தாண்டிச் சரிவான பாதை, அதன் முடிவில் கழிவறை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வாலிபப் பிள்ளைகளே வழுக்குவார்கள். அதனால்தான் படிப் பயிற்சியை நான் விடாமல் கேட்கிறேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில், ஊன்றுகோல் நோவுள்ள காலுக்கு எதிர்க் கையில். ஆயுள் முழுவதும் மலை ஏறி இறங்கியவர்களுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும்.

கைப்பயிற்சிதான் கடினம். பாரிசவாதம் வந்த கையால் பிளாஸ்டிக் கட்டைகளை எடுத்து அடுக்கச் சொன்னால், பலருக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. ஒரு முதிய பெண் கட்டைகளைத் தொடவே மறுத்தார். அவர் முன்னால் ஒரு தாச்சியும் கோதுமை மாவும் வைத்து, வலுவிழந்த கையின்மேல் நல்ல கையை வைத்துப் பிசையச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில், "தண்ணீர் கூடிவிட்டது மிஸ், இன்னும் கொஞ்சம் மா போடுங்கள்" என்று எனக்கே கட்டளையிட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. அன்றிலிருந்து ரொட்டி தட்டுவது அவருடைய சிகிச்சைத் திட்டத்தில் எழுத்திலேயே சேர்ந்துவிட்டது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விறைத்த காலுக்குச் சுடுநீர்ப் போத்தல் வைப்பது இங்கே வழக்கம். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் அதை வைத்தால் தோல் வெந்துபோவது நோயாளிக்கே தெரியாது. உறவினர்களிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

பிள்ளைகளைக் குறைசொல்வது எனக்குப் பிடிக்காது. கொழும்புக் கடைகளிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துப் பணம் அனுப்புகிறவர்கள் அவர்கள். பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள்மேல் வைத்திருக்கிறது. சரிதான். ஆனால் லயமும் அது நிற்கும் நிலமும் தோட்ட நிருவாகத்தின் கையில் இருக்கும்போது, தாயின் படியோரம் ஒரு கம்பி நடக்கூட மகன் தோட்டத்திடம் கேட்டாக வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு 50 வயதிலேயே எடுக்கக் கிடைக்கும், வேலைக்காலச் சேமிப்பான சேமலாப நிதியோ, 70 வயதில் விழும்போது கையில் மிஞ்சியிருப்பது அரிது.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களைத் தொடக்க வாரங்களில் இடுப்பை 90 பாகைக்குமேல் மடிக்க வேண்டாம் என்பார்கள். குந்தும் கழிவறை அவர்களுக்கு ஆகாது. வலுவான பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் துளை வெட்டிக் கொடுத்தனுப்புகிறோம். கூடவே, படியோரம் பிடிகம்பி வேண்டுமென்று தோட்ட நிருவாகத்துக்கு ஒரு கடிதமும். சில தோட்டங்களில் இரும்புக் குழாய் நட்டுக் கொடுத்தார்கள். பதில் வராத தோட்டங்களுக்குத் திரும்பவும் எழுதுகிறோம்.