இலையுதிர் காலத்தில் உறவினர் வீடுகளுக்கு ஒரு கார்ப் பயணம்

உற்றார் உறவினரைப் பார்த்து வருவதற்குக் கோடை விடுமுறைதான் ஏற்றது என்ற எண்ணம் எங்கள் வீட்டில் நெடுநாளாக இருந்தது. இந்த ஆண்டு என் கணவருக்கு அக்டோபரில்தான் விடுப்பு கிடைத்தது என்பதால், சித்தப்பா வீடு, அத்தை வீடு, கல்லூரித் தோழியின் வீடு என ஒரே திசையில் இருக்கும் வீடுகளைச் சேர்த்துக்கொண்டு, மகளோடு காரிலேயே கிளம்பினோம். உறவினர் வீட்டுக்குச் செல்ல இதைவிட நல்ல பருவம் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். குளிர் இறங்குவதற்குள் முடித்தாக வேண்டிய வேலைகள் ஒவ்வொரு வீட்டிலும் குவிந்திருப்பதால், வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்து உபசாரத்தை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டிய நிலை இல்லை. கூட மாட வேலை செய்யும்போது, எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் வராத பேச்செல்லாம் வருகிறது.

சித்தப்பா வீட்டில் முதல் வேலை எங்கள் காரிலிருந்தே தொடங்கியது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் டயரில் காற்று குறைவு என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பஞ்சராக இருக்குமோ என்று நான் பதறியபோது, சித்தப்பா சக்கரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நாலுலயும் கொஞ்சம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா, ராத்திரி குளிருக்குக் காத்து சுருங்கியிருக்கு" என்றார். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். பகலுக்கும் விடியலுக்கும் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும் நாட்களில் இது இயல்பான ஒன்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு காற்று வேண்டும் என்று அச்சிட்டிருப்பதையும், ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால் வண்டி ஓடுவதற்கு முன்பே அளக்க வேண்டும் என்பதையும் மகளுக்குச் சொல்லிக் கொடுத்து, அளவுமானியை அவள் கையிலேயே கொடுத்தார்.

பிறகு நீளக் கைப்பிடி போட்ட இலைவாரிகளை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினோம். முந்தின இரவு பெய்த தூறலில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கிடந்தன. சித்தப்பா அவற்றை எரிப்பதுமில்லை, குப்பைக்கு அனுப்புவதுமில்லை. கம்பிவலை அடைப்பு ஒன்றில் கொட்டி மக்க வைக்கிறார். இலைகளைப் பெரும்பாலும் பூஞ்சைகளே மெல்ல மெல்ல மக்கச் செய்வதால் ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். அடியில் கிடந்த பழைய குவியலிலிருந்து அவர் ஒரு கை அள்ளிக் காட்டினார்; கறுத்து, பொலபொலவென்று, காட்டு மண் வாசனையோடு இருந்தது. வாருவதற்கும் கொட்டுவதற்கும் இடையில், என் அப்பா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களில் பக்கத்து இருக்கையில் பயத்தோடு உட்கார்ந்திருந்தது தான்தான் என்பதைத் துண்டு துண்டாகச் சொன்னார். அப்பாவைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டிராத செய்தி அது.

அங்கிருந்த மேப்பிள் மரத்தில் வெயில் படும் பக்கம் சிவப்பாகவும் நிழல் பக்கம் மஞ்சளாகவும் இருப்பதை மகள்தான் கவனித்தாள். பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைந்து, ஏற்கெனவே உள்ளே இருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனினோ அந்தப் பருவத்தில் இலை புதிதாக உண்டாக்குவது. அதற்கு வெயில் வேண்டும். அதனால்தான் ஒரே மரத்தில் இரண்டு நிறங்கள்.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் நேரத்தை வகுத்தது பகலின் நீளம்தான். செப்டம்பர் 22 அல்லது 23 அன்று வரும் சம இரவு நாளுக்குப் பின் வடக்கு அரைக்கோளத்தில் இரவே நீளம். வெப்பமண்டலத்துக்கு வடக்கே தள்ளியிருக்கும் ஊர்களில் அக்டோபரில் நாளொன்றுக்குச் சுமார் மூன்று நிமிடம் வீதம் பகல் தேய்ந்துகொண்டே போகிறது. காலையில் பள்ளத்தாக்குகளில் மூடுபனி நின்றது. முகப்பு விளக்கில் உயர் ஒளியைப் போட்டால் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும் என்பதால் தாழ்ந்த ஒளியிலேயே மெதுவாகச் சென்றோம். பனி விலகியதும் தாழ்ந்த சூரியன் நேராக முகத்தில் அடித்தது. அப்போதுதான் முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருக்கும் மெல்லிய அழுக்குப் படலம் வெள்ளைத் திரையாகக் கண்ணை மறைக்கும். ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் உள்பக்கத்தையும் துடைத்துவிடுவது நல்லது. மாலையில் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட முயன்றோம். அக்டோபரும் நவம்பரும் பலவகை மான்களின் இனச்சேர்க்கைக் காலம். அந்தியிலும் விடியலிலும் அவை சாலையைக் கடப்பது அதிகம். காட்டுச் சாலை ஒன்றில் ஒரு மான் தாவிப் போனதும் நான் வேகமெடுக்கப் பார்த்தேன். "இரு, பின்னாடி இன்னொண்ணு வரும்" என்றார் கணவர். ஒன்றல்ல, குட்டியும் தாயுமாக இரண்டு வந்தன.

அத்தை வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்தவை ஒரு கூடை நிறையத் துலிப், டாஃபடில் கிழங்குகள். வசந்தத்தில் பூக்க வேண்டுமானால் அவற்றை இலையுதிர் காலத்திலேயே நட்டுவிட வேண்டும்; மண்ணுக்குள் பல வாரக் குளிரை அனுபவித்தால்தான் துலிப் ஒழுங்காகத் தண்டு நீண்டு பூக்கும். மாமா இருந்தவரை அது அவருடைய வேலை. அவர் போன பிறகு யாரும் நடவில்லை. முட்டி வலியால் குனிய முடியாத அத்தை, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் இடங்களைக் காட்ட, நான் கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்துக்குக் குழி பறித்தேன். "கூர்முனை மேல பாக்கணும்டி, தலைகீழா வெச்சிடாதே" என்று மகளை ஒவ்வொரு குழிக்கும் எச்சரித்தார். துலிப்பை அணில்கள் தோண்டித் தின்றுவிடும், நஞ்சுள்ள டாஃபடிலைத் தொடாது என்பதால் சுற்றிலும் டாஃபடில் வேலி போடுவது மாமாவின் வழக்கம் என்றும், முதல் முறை நட்டது முழுவதும் அணிலுக்குப் போனபோது அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். மாமா இறந்த பிறகு அத்தை அவரைப் பற்றிச் சிரித்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். முந்தின இரவு முழுதும் எதிரே உட்கார்ந்து, அவர் பெயரை எப்படி எடுப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

தோழி வீட்டில் கூரையோர மழைநீர்க் கால்வாய்களில் இலை அடைத்துக் கிடந்தது. அவள் கணவர் ஏணியில் ஏற, என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் இருவரும் கீழே விழுந்ததை அள்ளியபடி, அவள் வேலையை விட்டதிலிருந்து தொலைபேசியில் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசி முடித்தோம். அங்குள்ள ஓக் மரங்களில் பாதி இலை இன்னும் உதிரவில்லை. கால்வாய் மறுபடி அடைத்துக்கொள்ளும். ஆகவே அடுத்த ஆண்டு தோழி வீட்டைக் கடைசியாக வைத்து, நவம்பர் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேரும்படி புறப்படுவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டோம்.