செவ்வாயை என் நீலக் கேஜில் பார்த்தால்

ஏசி பூட்டப் போகிற வீடுகளில் எனக்கு அதிகம் பேச்சு வாங்கித் தருகிற வேலை வெக்கியூம் போடுவதுதான், அதாவது குழாய்க்குள் இருக்கிற காற்றைப் பம்பால் இழுத்தெடுப்பது. குழாய் இழுத்து, பிளெயார் அடித்து, நட்டு இறுக்கி எல்லாம் முடிந்திருக்கும். இனி சுவிட்சைப் போட்டால் குளிர் வரும் என்று வீட்டுக்காரர் றிமோட்டோடு நிற்பார். நானோ பம்பை ஓட விட்டுவிட்டு வாசற்படியில் இருப்பேன். "தம்பி, சும்மா இருக்கிறதுக்குமா காசு?" என்று கல்லடியில் ஒரு ஐயா நேரே கேட்டுவிட்டார். வேறொரு பாஸ் பம்பே கொண்டு வராமல் கேஸைத் திறந்துவிட்டுப் போய்விடுவாராம். போவார். ரெண்டு வருசத்தில் கொம்பிரசர் போகும்போது அவர் வரமாட்டார்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு, காற்றில் ஈரம் கூட. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. குழாயைப் பூட்டுகிற நேரத்துக்குள் அந்தக் காற்று உள்ளே போய்விடும். அதில் உள்ள நீர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கொம்பிரசரின் சுருளைத் தின்னும். துணியை விட்டுத் துடைத்தெடுக்க முடியாது. ஒரே வழி, அதை உள்ளேயே கொதிக்க வைத்து ஆவியாக இழுத்தெடுப்பது. நெருப்பு வேண்டாம், அமுக்கத்தைக் குறைத்தால் போதும். 30 பாகை செல்சியஸில் இருக்கிற தண்ணீர், அமுக்கம் ஏறத்தாழ 42 மில்லிபாருக்குக் கீழே இறங்கியதும் கொதிக்கத் தொடங்கிவிடும். நாம் மூச்சு விடுகிற காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் 1,013 மில்லிபார். எங்கள் தொழிலில் இதை மைக்ரோனில் அளப்போம். வெளிக்காற்று 7,60,000 மைக்ரோன். பம்பு அதை 500க்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

என்னோடு வேலை பழகுகிற காத்தான்குடிப் பொடியனுக்கு இதை வாயால் சொல்லி விளங்கவில்லை. கடையில் ஒரு தடித்த கண்ணாடிச் சாடி இருக்கிறது, வெக்கியூமுக்கென்றே செய்தது. அதற்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு பம்பைக் கொழுவினேன். முதலில் ஒன்றும் இல்லை. மறுகா அடியிலிருந்து சின்னக் குமிழிகள், பிறகு திடீரென்று சாடி முழுக்கத் தளதளவென்று கொதி. பொடியன் சாடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது குளிருது!" என்றான். கொதிக்கிற தண்ணீர் தன் சூட்டையே எடுத்துக்கொண்டு ஆவியாகிறது, அதனால் மிஞ்சுகிறது குளிர்கிறது. இன்னும் கொஞ்சம் ஓட விட்டதும் மேலே மெல்லிய ஐஸ் படிந்தது. கொதியும் உறைவும் ஒரே சாடிக்குள். பம்பின் எண்ணெய் ஈரம் குடித்து வெள்ளையாகக் கலங்கிப்போனது, அதை மாற்றியது வேறு செலவு.

அன்றைக்குப் பின்னேரம்தான் அவன் தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "செவ்வாயில ஆக்கள் குடியேறப் போறாங்களாம், உண்மையா?" என்று கேட்டான். வீடியோவில் குளிரைப் பற்றியும் தூரத்தைப் பற்றியும் ஒட்சிசன் இல்லை என்பதைப் பற்றியும் நிறையச் சொன்னார்கள். அமுக்கத்தைப் பற்றி ஒரு வசனம்தான், அதுவும் ஓடிப்போயிற்று. எனக்கென்றால் அங்கேதான் முழுக்கதையும் இருக்கிறது.

செவ்வாயின் தரையில் சராசரி அமுக்கம் 6 மில்லிபாரைச் சற்றுத் தாண்டும். எங்கள் கணக்கில் சுமார் 4,600 மைக்ரோன். அந்தச் சாடியில் தண்ணீர் கொதித்த எல்லைக்கு எவ்வளவோ கீழே அது. தாழ் அமுக்கம் பார்க்கிற என் நீலக் கேஜில் பார்த்தால் 29.7 அங்குலம் வெக்கியூம் என்று காட்டும். முழு வெற்றிடம் 29.9. முள்ளின் தடிப்புக்குள்ளேயே வித்தியாசம் மறைந்துவிடும். ஆனால் மைக்ரோன் கேஜை வைத்துவிட்டு 4,600இல் பம்பை நிற்பாட்டுகிற பொடியனுக்கு என்னிடம் ஏச்சு விழும். ஒரு முழுக் கோளின் காற்று, எங்கள் வேலைக்கு "இன்னும் காணாது, ஓட விடு" என்கிற இடத்தில் இருக்கிறது.

அமுக்கம் 6.1 மில்லிபாருக்குக் கீழே போனால் தூய தண்ணீருக்குத் திரவமாக இருக்கவே இடமில்லை, ஐஸிலிருந்து நேரே ஆவிதான். செவ்வாயின் சராசரி சரியாக அந்த எல்லையிலேயே நிற்கிறது. 2008இல் பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாயின் வடக்கே மண்ணைத் தோண்டியபோது வெள்ளைக் கட்டிகள் சில தெரிந்தன. நாலு நாளில் அவை காணாமல் போயின. உருகி வழிந்த தடம் எதுவும் இல்லை. அதை வைத்துத்தான் ஐஸ் என்று உறுதியாகச் சொன்னார்கள். மிகத் தாழ்ந்த இடமான ஹெல்லாஸ் பள்ளத்தில் அமுக்கம் 12 மில்லிபார் வரை ஏறும். அங்கேயும் தண்ணீர் 10 பாகையிலேயே கொதித்துவிடும். தேத்தண்ணி ஊற்றுகிற கதையே இல்லை.

அதே செவ்வாயில் ஜெசெரோ என்ற பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் ஆறு வந்து விழுந்து வண்டல் பரப்பியிருக்கிறது. 2021 பெப்ரவரியில் பெர்சிவரன்ஸ் வண்டி இறங்கியது அந்தக் கழிமுகத்தைப் பார்க்கத்தான். முகத்துவாரத்தில் மணல் எப்படிச் சேருகிறதென்று பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் படங்கள் அந்நியமாகத் தெரியாது. 350 கோடி வருசத்துக்கு முன்னால் அங்கே ஏரி இருந்ததென்றால், அதன் மேலே தண்ணீரை அமுக்கிப் பிடிக்கக் காற்றும் இருந்திருக்க வேண்டும். அது எங்கே போனது?

போனதற்கு வருகிறேன். அதற்கு முன் மனுசனுக்கு என்ன நடக்கும் என்று பொடியன் கேட்டதற்குப் பதில். நம் உடற்சூடு 37 பாகை. 63 மில்லிபாரில் அந்தச் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். செவ்வாயில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. 1966இல் அமெரிக்காவில் ஜிம் லெபிளாங்க் என்பவர் விண்வெளி உடையைப் போட்டு வெற்றிட அறைக்குள் சோதனை செய்துகொண்டிருந்தபோது குழாய் கழன்றுவிட்டது. பதினைந்து வினாடிக்குள் மயங்கிவிட்டார். உடனே காற்றை விட்டதால் பிழைத்தார். கடைசியாக நினைவிருந்தது, நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதானாம். ஒட்சிசன் சிலிண்டரை மட்டும் முதுகில் கட்டிக்கொண்டு செவ்வாயில் நடக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காற்றடிக்காதா என்றால், அடிக்கும். மண்ணை வாரிக் கோள் முழுக்கப் போர்த்துகிற அளவுக்கு அடிக்கும். 2018இல் அப்படி வந்த தூசிதான் சூரிய ஒளியை மறைத்து ஒப்பர்சூனிட்டி வண்டியை முடித்தது. ஆனால் காற்று அங்கே அறுபதில் ஒரு பங்கு அடர்த்திதான் என்பதால், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று நம் முகத்தில் 13 கிலோமீற்றர் வேகக் காற்றளவுக்குத்தான் தள்ளும். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி எங்கள் ஊரில் தென்னைகளை என்ன செய்ததென்று அம்மா சொல்லுவா. செவ்வாயில் அந்த வேகத்துக்கு ஓலை ஆடும், மரம் விழாது. (மரம் எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடாது.)

குளிரைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். கியூரியோசிட்டி வண்டி 2012இலிருந்து நிற்கிற கேல் பள்ளம் அந்தக் கோளின் நடுக்கோட்டுக்குத் தெற்கே 5 பாகைக்குள். மட்டக்களப்பு நம் நடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்குள். அந்தக் கணக்கில் கேலும் கச்சான் காலத்து எங்கள் ஊர் மாதிரி வெந்திருக்க வேண்டும். ஆனால் நண்பகலில் உறைநிலையை ஒட்டி நிற்கிற வெப்பநிலை, விடியுமுன் மறை 80 பாகைக்கு இறங்கும். சூட்டைப் பிடித்து வைக்கக் கடலும் இல்லை, ஈரமும் இல்லை, தடித்த காற்றும் இல்லை. மாரியில் துருவத்தில் இன்னும் வேடிக்கை: அங்கே காற்றே உறைந்து தரையில் விழும். காற்றில் 95 வீதம் காபனீரொட்சைட்டு, அது மறை 125 பாகையளவில் பனியாகிவிடும். அதனால் முழுக் கோளின் அமுக்கமும் கால்வாசி அளவுக்குக் குறையும். 1976இல் இறங்கிய வைக்கிங் 1 தன் இடத்தில் வருசத்துக்குள் 7 மில்லிபாருக்கும் 9க்கும் இடையே ஏறி இறங்குவதை அளந்தது.

இந்தக் குளிரில் வண்டி எப்படி உறையாமல் இருக்கிறது? இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கியூரியோசிட்டியின் பின்புறத்தில் புளூட்டோனியத்தால் சூடாகிற மின்கலம் இருக்கிறது. அந்தச் சூட்டை உடம்பு முழுக்கக் கொண்டு திரிவது குழாய்க்குள் ஓடுகிற ஆர் 11 என்கிற பழைய ஏசி கேஸ். ஓசோனைத் தின்கிறதென்று 1987 மொன்றியல் உடன்படிக்கை ஒழித்துக்கட்டிய அதே ஆர் 11. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் அதைக் கண்ணாலும் காணவில்லை. செவ்வாயில் ஓசோன் பெயருக்குத்தான் இருக்கிறது, புறஊதாக் கதிர் தடையில்லாமல் தரைக்கு வருகிறது, ஆகவே ஆர் 11 கசிந்தாலும் கெடுக்க அங்கே ஒன்றுமில்லை.

சரி, காற்று எங்கே போனது. எங்கள் பாசையில் சொன்னால் லீக். செவ்வாயின் திணிவு பூமியினதில் பத்தில் ஒரு பங்கு, ஈர்ப்பு 38 வீதம். பிடி தளர்வு. உள்ளே காந்தப்புலத்தை உண்டாக்கிய இயக்கமும் 400 கோடி வருசமளவுக்கு முன்னால் நின்றுவிட்டது. 2014இல் போய்ச் சேர்ந்த மேவன் கலம் இப்போதும் வினாடிக்கு 100 கிராம் அளவில் காற்றுப் போவதை அளந்திருக்கிறது. அது சின்ன லீக்தான். ஆனால் சூரியன் இளமையில் இதைவிடக் கடுமையாக வீசியது, லீக்கும் அப்போது பெரிது. செவ்வாயில் இருந்த ஆகன் வாயுவில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் போய்விட்டதென்று 2017இல் கணக்குச் சொன்னார்கள். எரிமலைகள் திருப்பி நிரப்புவதும் ஓய்ந்துவிட்டது. கசிவு இருக்கிறது, கேஸ் அடிக்க ஆளில்லை.

வெள்ளி இதற்கு நேர் எதிர். அங்கேயும் அதே காபனீரொட்சைட்டு, 96 வீதம். ஆனால் 92 பார், அதாவது 1,300 பீ.எஸ்.ஐ.க்கு மேலே. உயர் அமுக்கம் பார்க்கிற என் சிவப்புக் கேஜ் 800உடன் முடிகிறது. வெப்பநிலை 465 பாகை. ஈயப் பற்று சொட்டி விழும், சில்வர் கம்பி வைத்துப் பற்றவைத்த இணைப்பு நிற்கும். கொம்பிரசருக்குள் இருக்கிற பிளாஸ்டிக்கை மறந்துவிடலாம். 1982இல் சோவியத் இறக்கிய வெனேரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. எந்தக் கேஸ் என்று மட்டும் கேட்டால் இரண்டு கோளுக்கும் ஒரே பதில்தான் வரும், எவ்வளவு அடித்திருக்கிறது என்பதில்தான் 15,000 மடங்கு வித்தியாசம். பூமியிடமும் கிட்டத்தட்ட வெள்ளியளவு காபனீரொட்சைட்டு இருக்கிறது. அது காற்றில் நில்லாமல் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அடைத்தது தண்ணீர்.

பொடியன் விடவில்லை. "அப்ப செவ்வாயில காத்தச் செய்ய ஏலாதா?" ஏலும், செய்தும் பார்த்தார்கள். பெர்சிவரன்ஸில் மொக்ஸி என்று ஒரு பெட்டி இருந்தது. செவ்வாயின் காற்றை இழுத்து, 800 பாகைக்குச் சூடாக்கி, காபனீரொட்சைட்டை உடைத்து ஒட்சிசன் எடுத்தது. 2021இலிருந்து 2023 வரை விட்டுவிட்டு ஓடி மொத்தம் 122 கிராம் செய்தது. ஒரு மனுசனுக்கு நாளுக்கு 840 கிராம் அளவு வேண்டும், ஆகவே அது மூன்றரை மணித்தியால மூச்சு. நடந்ததே பெரிய காரியம். அந்தப் பெட்டியின் வாயில் முதலில் இருப்பது ஸ்க்ரோல் கொம்பிரசர், சுருளான இரண்டு தகடுகளுக்கிடையே காற்றை அமுக்குகிற வகை. உடைக்கிற வேலை தொடங்குமுன் அந்த மெல்லிய காற்றை அமுக்கிச் சேர்க்க வேண்டுமே.

"ஸ்க்ரோலா, நம்மட பெரிய ஏசியில வாறதா?"

அந்த வகைதான், சின்னதாக, எண்ணெய் விடாமல் ஓடுகிறது என்றேன். எண்ணெய் இல்லாவிட்டால் எப்படித் தேயாமல் ஓடும் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குள் வீட்டுக்காரரின் அழைப்பும் வந்துவிட்டது, வெக்கியூம் முடிந்ததா என்று.