இனி அறிக்கைக்கு யார் பொறுப்பு?

மக்கள் தொடர்புத் துறையில் இருப்பவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் அண்மைக் காலமாக ஒரே கேள்விதான் எழுகிறது: செய்திக்குறிப்பையும், தலைவரின் உரையையும், ஊழியர்களுக்கான சுற்றறிக்கையையும் இயந்திரமே நொடிகளில் எழுதித் தந்துவிடும்போது நமக்கு என்ன வேலை மிஞ்சும்? அந்த அச்சம் நியாயமானது. ஏனெனில் இத்துறையில் ஊதியத்தின் பெரும்பகுதி எழுதித் தருவதற்காகவே கிடைத்து வந்தது. ஆயினும் எழுத்து இத்தொழிலின் வெளியே தெரியும் பகுதி என்றும், எழுதப்பட்டது உண்மை என்று பிறருக்கு உத்தரவாதம் தருவதே அதன் மையம் என்றும் நான் நம்புகிறேன். அந்த உத்தரவாதத்தைத் தர நாம் தயாராக இருக்கிறோமா என்பதைப் பொறுத்தே இத்துறையின் வருங்காலம் அமையும்.

இதை விளங்கிக்கொள்ளத் தொழிலின் தொடக்கத்திற்குப் போக வேண்டும். 1906 ஆம் ஆண்டு, அமெரிக்க நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்றிய ஐவி லீ, பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கொள்கை அறிக்கை ஒன்றை அனுப்பினார். தமது வேலை முழுவதும் வெளிப்படையாக நடைபெறும், தரும் தகவல் துல்லியமாக இருக்கும், அதிலுள்ள எந்தக் கூற்றையும் ஓர் ஆசிரியர் நேரடியாகச் சரிபார்க்க விரும்பினால் மனமுவந்து உதவப்படும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்துகளை மூடிமறைக்கும் அக்கால வழக்கத்திற்கு மாறாக, பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் சார்பில் அவர் தாமாகவே தகவல்களை வெளியிட்டார். இன்றைய செய்திக்குறிப்பின் முன்னோடி என்று பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அதே லீ எட்டு ஆண்டுகள் கழித்து என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1914 இல் கொலராடோ மாநிலத்தின் லட்லோவில், வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் மாண்டனர். அதன்பின் அந்தச் சுரங்க நிறுவனத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ராக்ஃபெல்லர் தரப்புக்காக லீ பரப்பிய துண்டறிக்கைகளில் உண்மைக்குப் புறம்பான செய்திகள் இருந்தன. தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் பன்மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருந்தது. விசாரணைக் குழு கேட்டபோது, நிறுவனத்தார் கொடுத்த தகவலைத் தாம் தனியே சரிபார்க்கவில்லை என்பதே அவருடைய பதிலின் சாரமாக இருந்தது. கொடுக்கப்பட்டதை, அது உண்மையா என்று கேளாமல், நல்ல நடையில் அமைத்துத் தரும் அந்த வேலையைத்தான் இன்று சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் நம் எவரையும்விட வேகமாகச் செய்கின்றன. 1906 இல் அவர் அளித்த வாக்கைக் காப்பாற்றவோ ஒரு மனிதர் வேண்டும். யாரிடமாவது கேட்டு, ஆவணத்தைப் புரட்டி, ஐயம் தீராவிட்டால் அறிக்கையை நிறுத்திவைக்கக்கூடிய மனிதர்.

இயந்திரம் எழுதினால் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு 2023 பிப்ரவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்வேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டை அடுத்து, வாண்டர்பில்ட்டின் கல்விக் கல்லூரி அலுவலகம் ஒன்று மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. அதன் அடியில், சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதப்பட்டது என்ற குறிப்பு இருந்தது. சொற்களில் பிழை ஏதும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. தங்களுக்காக ஒருவர் உட்கார்ந்து சிந்திக்கவில்லை என்பதுதான் மாணவர்களைப் புண்படுத்தியது. அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் குறிப்பை நீக்கியிருந்தால் சிக்கல் வந்திராது என்று சிலர் கருதக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. துயரச் செய்தியையும் வேலைநீக்க அறிவிப்பையும் மன்னிப்பையும், அவற்றை நேரில் சொல்ல வேண்டிய பொறுப்பில் உள்ளவரே தம் கையால் எழுத வேண்டும். நடை சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் குற்றமில்லை.

இதைவிட ஆழமான மாற்றத்தைக் காட்டுவது ஏர் கனடா வழக்கு. பாட்டியை இழந்த பயணி ஒருவர், துக்க காலக் கட்டணச் சலுகை பற்றி அந்த நிறுவனத்தின் இணையதள உரையாடல் செயலியிடம் கேட்டார். பயணச்சீட்டு வாங்கியபின் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. பயணம் முடிந்தபின் விண்ணப்பிக்க முடியாது என்பதே நிறுவனத்தின் உண்மையான விதி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயத்தில் நிறுவனம் வைத்த வாதம், அந்தச் செயலி தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதற்கு நிகராக இருந்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, தன் தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, ஏறத்தாழ 812 கனடிய டாலர் வழங்கும்படி உத்தரவிட்டது. தொகை சிறியது, ஆனால் அந்தத் தீர்ப்பை நம் துறையில் உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் என்று ஒருவரை நியமித்து, அவர் வாயிலாக வராத எதுவும் நிறுவனத்தின் கூற்றல்ல என்று சொல்லிவந்த காலம் முடிந்துவிட்டது. இரவும் பகலும் எண்ணற்ற பேரிடம் நிறுவனத்தின் பெயரால் பேசிக்கொண்டிருப்பது அந்தச் செயலிதான். அது என்ன சொல்லலாம், எங்கே நிறுத்திக்கொண்டு மனிதரிடம் அனுப்ப வேண்டும், தவறாகச் சொன்னால் யார் திருத்துவது என்பதையெல்லாம் தொழில்நுட்பப் பிரிவிடமும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிடமும் விட்டுவிட்டு, நாம் செய்திக்குறிப்பின் இரண்டாம் பத்தியைச் செதுக்கிக்கொண்டிருப்பது பொருளற்றது.

நிறுவனம் சொல்லாததும் நிறுவனத்தின் பெயரால் உலவுகிறது. 2022 நவம்பரில், பணம் கட்டினால் சரிபார்ப்புக் குறி தரும் முறையை ட்விட்டர் தொடங்கியதும், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் போலிக் கணக்கு ஒன்று இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. உண்மையான நிறுவனம் வருத்தம் தெரிவித்து மறுக்க வேண்டியதாயிற்று. 2023 மே மாதத்தில் பென்டகன் அருகே குண்டுவெடிப்பு என்ற போலிப் படம் பரவி, அமெரிக்கப் பங்குச் சந்தை சிறிது நேரம் சரிந்தது. ஏரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவர், மேலதிகாரிகளைப் போலவே உருவாக்கப்பட்ட போலிக் காணொளிக் கூட்டத்தை நம்பி, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டது 2024 இல் வெளிவந்தது. இந்த மூன்றாவது நிகழ்வை மோசடி வழக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அது நிறுவனத்தின் உள்தொடர்பைக் குறித்ததும்கூட. தலைவரின் குரலும் முகமும் இனிச் சான்றாகா என்றால், ஓர் உத்தரவு உண்மையானதா என்பதை ஊழியர் எப்படி அறிவது, ஐயம் எழுந்தால் தலைவரையே திருப்பிக் கேட்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வருவது என்பவை தகவல் தொடர்புப் பிரிவு விடை காண வேண்டிய கேள்விகள்.

படமும் காணொளியும் எங்கே உருவாயின என்பதை மறையாக்க முறையில் முத்திரையிடும் தரநிலைகளை, 2021 இல் அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி போன்றவை சேர்ந்து அமைத்த சி2பிஏ கூட்டமைப்பு உருவாக்கி வருகிறது. இவற்றை நிறுவனங்கள் ஏற்பது நல்லது. ஆனால் முத்திரை உள்ளது நம்முடையது என்று காட்டலாமே ஒழிய, முத்திரை இல்லாதவை எல்லாம் போலி என்று ஆகிவிடாது. தவறு செய்யும் நிறுவனத்தை ஓர் ஊழியர் ரகசியமாகப் படம் பிடித்தால் அதில் எந்த முத்திரையும் இராது. அதைப் போலி என்று தள்ளிவிடும் ஆசை நிர்வாகத்திற்கு எழும். உண்மையான பதிவைப் போலி என்று மறுப்பதற்கு எழுத்துப் பணி செய்ய மாட்டேன் என்ற உறுதியை இத்துறையினர் இப்போதே எடுத்துக்கொள்வது அவசியம். அத்தகைய கோரிக்கை வரத்தான் போகிறது.

தேடுபொறியில் தேடிப் பக்கங்களைப் படித்தவர்களில் பலர் இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு விடையை மட்டும் பெறுகிறார்கள். ஆகவே அந்த விடைகளில் தங்கள் பெயர் நல்லபடி வரவேண்டும் என்று இணையத்தை ஆயிரக்கணக்கான கட்டுரைகளால் நிரப்பித் தருவதாக முகமைகள் கிளம்பியிருக்கின்றன. கிணற்றைக் கலக்கிவிட்டு அதிலேயே குடிக்க நினைப்பதுபோன்ற வேலை இது. ஊடகவியலாளர்களின் அஞ்சல் பெட்டிகளுக்கு ஏற்கெனவே இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. வெளியிட்ட நாள், உறுதிசெய்தவர், பின்னர் திருத்தப்பட்டது எது என்ற விவரங்களோடு நிறுவனத்தின் அடிப்படைத் தகவல்களை ஒரே இடத்தில் ஒழுங்காக வைத்திருப்பது மனிதருக்கும் இயந்திரத்திற்கும் ஒருசேரப் பயன்படும். அளவீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: வெளிவந்த செய்தியின் பரப்பை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கிப் பயன் கணக்கிடும் முறையை 2010 இலேயே இத்துறையின் பன்னாட்டு அளவீட்டு நெறிகளான பார்சிலோனா கொள்கைகள் நிராகரித்துவிட்டன, இன்னும் அதை அறிக்கையில் சேர்ப்போர் நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுவனம் தவறாக நடந்துகொண்ட பிறகு அதற்குச் சொல் தேடும் பிரிவாக மட்டுமே நாம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் நடவாது. 1927 இல் ஆர்தர் பேஜ் ஏடி&டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் துணைத் தலைவராகச் சேர்ந்தபோது, வெறும் விளம்பரம் செய்பவராக அன்றி, கொள்கை முடிவுகளில் குரல் உள்ளவராக இருக்கவே இசைந்தார். 1982 இல் சிகாகோ வட்டாரத்தில் டைலெனால் என்ற வலிநிவாரணி காப்ஸ்யூல்களில் யாரோ நஞ்சு கலந்து ஏழு பேர் இறந்தபோது, அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அதன் அறிக்கைகள் நம்பப்பட்டதற்கு அந்தச் செயலே காரணம். மாறாக, 2015 இல் உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக வெளிவந்தபோது, ஃபோக்ஸ்வாகனின் தூய டீசல் விளம்பரங்கள் ஒவ்வொன்றும் அதற்கு எதிரான சாட்சியாக மாறின. சான்றில்லாத பொதுவான பசுமைக் கூற்றுகளைத் தடைசெய்யும் விதிகளை 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றியிருப்பதும் இத்தகைய அனுபவங்களின் தொடர்ச்சிதான். சான்று உள்ளதா என்று முதலில் கேட்க வேண்டியவர் நிறுவனத்திற்குள்ளேயே இருக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது இளையவர்களின் நிலை. இத்தொழிலில் மூத்தவர்கள் எல்லாரும் செய்திக்குறிப்பின் வரைவை எழுதி, சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மறுபடி எழுதித்தான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற பகுத்தறிவைப் பெற்றோம். அந்த வரைவை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு இளையவர்களை அமர்த்துவதை நிறுத்தினால், பத்தாண்டுகளில் இயந்திரத்தின் வரைவைத் திருத்தத் தெரிந்தவரும் இல்லாமல் போவார். அவர்களை அமர்த்த வேண்டும். வேலையை மாற்றித் தர வேண்டும். புகார் அழைப்புகள் வரும் இடத்தில் அவர்கள் உட்காரட்டும். தொழிற்சாலையிலும் கணக்குப் பிரிவிலும் சட்டப் பிரிவிலும் யாரிடம் என்ன கேட்டால் உண்மை தெரியும் என்று கற்கட்டும். ஒவ்வோர் அறிக்கையின் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அதை உறுதிசெய்தவர் பெயரையும் ஆவணத்தையும் எழுதும் பதிவேட்டை அவர்களிடம் ஒப்படைக்கலாம். அந்தப் பெயரும் ஆவணமும் எழுதப்படாத கூற்று வெளியே போகக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை, தலைமைச் செயல் அதிகாரியே கையொப்பமிட்டு, அவர்களது பணி நியமன ஆணையிலேயே எழுதித் தர வேண்டும்.