எங்கள் பாட்டு எங்கள் பெயரில்

பெரம்பூரில் ஒரு ராக் பேண்ட் உருவாவது அதிசயமில்லை. ரயில்வே வேலைக்காகக் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களால் கிதாரும் டிரம்ஸும் இங்கே தலைமுறைகளாகப் புழங்குகின்றன. அடுத்த தெருவிலேயே கானா. இரண்டையும் கேட்டு வளர்ந்த நாலு பேர் சேர்ந்ததுதான் எங்கள் குழு. நான் பேஸ் கிதார். ஜாம் ரூம் என்கிற ஒத்திகை அறையில் தொடங்கி, திறந்தவெளி மேடையில் கூட்டம் எங்கள் வரிகளைத் திருப்பிப் பாடும் அளவுக்கு எப்படி வந்தீர்கள் என்று இப்போது நிறையத் தம்பிகள் கேட்கிறார்கள். வாசிப்பைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத காகித வேலையைத்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் கல்லூரி கல்ச்சுரல்ஸ். சென்னை ஐஐடியின் சாரங் மாதிரி பெரிய விழாவோ, சின்னக் கல்லூரியின் ஆண்டு விழாவோ, போட்டி என்றால் ஒயர் மாட்டுவது, சவுண்ட் பார்ப்பது, வாசிப்பது எல்லாம் கொடுத்த நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். அந்த அவசரம் நல்ல பயிற்சி. எந்த மைக் யாருக்கு, எந்த ஆம்ப் எங்கே என்று ஒரே தாளில் வரைந்து சவுண்ட் இன்ஜினியரிடம் முன்கூட்டியே கொடுக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

அப்புறம் கிளப்புகள். சென்னையில் நேரடி இசைக்கு இடம் கொடுக்கும் கிளப்புகளும் உணவகங்களும் குறைவு. இருப்பவையும் கவர், அதாவது ஏற்கெனவே பிரபலமான பிறர் பாட்டுதான் கேட்கும்: ஆங்கில ராக், இல்லாவிட்டால் இளையராஜா, ரஹ்மான். இரண்டு கவருக்கு ஒரு சொந்தப் பாட்டு என்று பேசிச் சம்மதிக்க வைத்தோம். வாரக் கடைசியில் வழக்கமாக வருகிறவர்கள் மெதுவாகச் சொந்தப் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பெங்களூருக்கு ராத்திரி ரயிலேறும் தைரியம் வந்தது. அங்கே கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் தாளத்துக்குக் கால் நகர்ந்தது.

தமிழில் பாடலாமா என்ற தயக்கம் எங்களுக்கே ரொம்ப நாள் இருந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் நிகழ்ச்சி நடத்தியபோது கூட்டத்தில் நின்று கேட்டேன். பா. ரஞ்சித்தின் முயற்சி, இசைப் பொறுப்பு டென்மா. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில், எங்கள் தெருவின் தமிழில். அன்றோடு அந்தத் தயக்கம் போய்விட்டது.

இந்த ஊரில் நன்றாக வாசிக்கிறவரைச் சினிமா கூப்பிட்டுக்கொள்ளும். ரஹ்மானும் சிவமணியுமே ஒரு காலத்தில் ரூட்ஸ் என்ற பேண்டில் சேர்ந்து வாசித்தவர்கள்தான். எங்கள் டிரம்மரும் ரெக்கார்டிங்குக்குப் போவார். அதில் தப்பே இல்லை, வாடகை கட்ட வேண்டுமே. முதலில் ஒப்புக்கொண்ட தேதிக்கே முன்னுரிமை என்று பேசிவைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இனி முக்கியமானது. டிரம்ஸை மட்டும் ஸ்டுடியோவிலும் மற்றதை வீட்டிலும் பதிவு செய்து முதல் ஆல்பத்தை முடித்தோம். மிக்ஸிங்குக்கு அனுப்புவதற்கு முன்னால் நாலு பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்று தோன்றும். நண்பர்களாகவே இருப்பதற்குத்தான்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி வேண்டும்; அதை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்கக் குறியீடு அது. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனமே அதைக் கொடுத்துவிட்டது. வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவர்களுக்கும் மெட்டமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, கையெழுத்துப் போட்ட சதவீதங்களை அப்படியே பதிந்தோம். பங்குகள் முன்பே எழுத்தில் இருந்ததால் அந்த வேலை சுலபமாக முடிந்தது.

ஒரு பாட்டு ரீல்ஸில் பரவியதும் ஒரு இசை நிறுவனம் தேடி வந்தது. மொத்தமாக ஒரு தொகை, பதிலுக்கு எல்லா உரிமையும், உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும். தொகையைப் பார்த்ததும் எங்கள் பாடகரின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும் ஆசைதான். ஆனாலும் ஒரு வக்கீல் அக்காவிடம் காட்டினோம். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்தை அவர் வரி வரியாக விளக்கினார். பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை அந்த நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது, வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் முடியாது. உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'என்றென்றைக்கும்' என்று ஏன் அவ்வளவு கவனமாக அச்சடித்திருந்தார்கள் என்பது அப்போது புரிந்தது.

விற்க மாட்டோம், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் மட்டும் தருகிறோம் என்றோம். பேச்சு நின்றுபோனது. அந்த மழைக்காலம் கஷ்டமானது, நிகழ்ச்சிகளும் ரத்தாகின. இடையில் ஒரு கிளப் வாசிக்க வைத்துவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தது. அதற்குப் பிறகு பாதித் தொகை முன்பணமாக வராமல் வண்டி ஏறுவதில்லை. கடைசியில் வேறொரு நிறுவனம் எங்கள் நிபந்தனைக்கே ஒப்புக்கொண்டது. தொகை குறைவு, ஆனால் ஒலிப்பதிவு எங்களுடையது. பெரிய விழாக்கள் கூப்பிட்டது அந்த ஆல்பத்தைக் கேட்டுத்தான்.

புகழ் என்பது எங்களைப் பொறுத்தவரை இதுதான்: வேறு ஊரில், முன்பின் தெரியாதவர்கள் டிக்கெட் வாங்கி வந்து நிற்கிறார்கள், பெரம்பூர் பேச்சில் எழுதிய வரியைப் பாடுகிறார்கள். அதன் வருமானம் எழுதியவருக்கே வர வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

அடுத்த ஆல்ப வேலை ஆரம்பித்தாயிற்று. இதில் பறை வாசிக்கும் ஒரு தம்பியும் சேர்ந்திருக்கிறான். இரண்டு பாட்டு அவன் அடித்த அடியிலிருந்தே பிறந்தவை. அந்த இரண்டின் பங்குத் தாளிலும் அவன் பெயரை எழுதி, சதவீதம் போட்டு, ஐந்து பேரும் கையெழுத்திட்டுவிட்டோம்.