மணியின் ரத்தத்தில் மூன்று நோய்கள்

ஒரத்தநாட்டுக்கு அருகே உள்ள எங்கள் ஊரில் குறுவை அறுவடை முடிந்திருந்த நேரம் அது. எங்கள் வீட்டு நாட்டு நாய் மணி சோற்றைத் தொடாமல் திண்ணையடியில் சுருண்டு கிடந்தான். உடம்பு கொதித்தது, காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. முதலில் காட்டிய இடத்தில் காய்ச்சலுக்கு ஊசி மட்டும் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. அடுத்துப் பார்த்த மருத்துவர் ரத்தம் எடுத்து, கிட் வைத்துச் சோதித்து, உண்ணியால் வரும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா நோய் என்று சொல்லி, டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; மணிக்கு 31,000தான் இருந்தன.

மூன்றே நாளில் காய்ச்சல் விட்டது. வாலை ஆட்டினான், கஞ்சி குடித்தான். அந்தத் தேறுதலை நம்பி நாங்கள் நிம்மதியடைந்துவிட்டோம். இரண்டாம் வாரத்தில் ஈறு சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனபோதுதான், ஒரு நோயின் பெயர் கிடைத்ததும் வேறு எதையும் தேடாமல் விட்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே காது நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சிவப்பணுக்களுக்குள் சின்னஞ்சிறு மோதிரங்களாகப் பேபீசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி இருந்தது. வெள்ளையணுக்களுக்குள் ஹெபட்டோசூன் என்ற இன்னொரு ஒட்டுண்ணி இருந்தது. பேபீசியா சிவப்பணுக்களை உடைப்பதால்தான் ரத்தசோகையும் சிறுநீரின் நிறமாற்றமும் வந்தன என்று மருத்துவர் விளக்கினார். ஹெபட்டோசூன் உண்ணி கடிப்பதால் வருவதில்லை, நாய் தன் உடம்பைக் கடித்துச் சொறியும்போது உண்ணியை விழுங்குவதால் வருகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. வயலும் வாய்க்காலுமான ஊரில் கொசுவுக்குப் பஞ்சமில்லை என்பதால், கொசு பரப்பும் யானைக்கால் வகைப் புழுவின் குஞ்சுகள் இருக்கின்றனவா என்றும் பார்த்தார், அவை இல்லை.

மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும்; மணிக்கு 18 இருந்தது. இன்னும் இறங்கினால் வேறொரு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். பேபீசியாவுக்காக, டாக்சிசைக்ளினை நிறுத்தாமல் அதோடு கிளிண்டமைசினும் மெட்ரோநிடசோலும் சேர்த்தார்கள். ஹெபட்டோசூனுக்கு இமிடோகார்ப் ஊசியை 14 நாட்கள் இடைவெளியில் இரண்டு முறை போட்டார்கள். அந்த ஊசிக்குப் பின் எச்சில் ஒழுகும், வாந்தி வரும் என்பதால் அதற்கு முன் அட்ரோபின் கொடுத்தார்கள். அதுவரை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்து வந்தோம். பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து டாக்சிசைக்ளினை உடம்பில் சேரவிடாது என்று மருத்துவர் சொன்னபோது மனம் கனத்தது. அன்று முதல் முள் நீக்கிய மீன் சோற்றுக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வைத்தேன்.

மருந்தைவிடக் கடினமாக இருந்தது வீட்டைச் சுத்தம் செய்ததுதான். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே நாயின் மேல் நாம் காண்பது கொஞ்சமே. மாட்டுக் கொட்டகையின் செங்கல் இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைத்தோம். மணி படுத்த சாக்குகளை எரித்தோம். மருத்துவர் சொன்ன மருந்தை, மணியை வேறிடத்தில் கட்டிவிட்டுச் சுவரெங்கும் தெளித்தோம். முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றுக்காக இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தெளித்தோம். உண்ணி ஏறாமலிருக்க மாதமொரு மெல்லும் மாத்திரையும் கொடுக்கிறோம்.

ஆறாம் வாரத்தில் சிவப்பணுக்களின் பங்கு 33 சதவீதத்துக்கும், தட்டணுக்கள் 1,90,000க்கும் ஏறின. கண்ணாடிச் சில்லில் கிருமி தென்படவில்லை. ஆனால் கிப்சோனி உடம்பில் ஒளிந்திருந்து, நாய் சோர்ந்த வேளையில் மீண்டும் கிளம்பக்கூடியது என்று எச்சரித்திருக்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மணியின் உதட்டை விலக்கி, ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று பார்க்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.