உறைபனி மாதத்துப் பிரசவ வார்டு

ஜனவரி 5

ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் காலையில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளை. இந்த மாதத்தில் பிரசவ அறைக்குள் நுழைந்ததும் என் கண் போவது ஜன்னல் இடுக்குக்குத்தான். அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஊட்டியில் ஹீட்டர் இல்லாமல் அது நடக்காது. துண்டுகளைக் குழந்தைக்குச் சூடு தரும் வார்மருக்கு அடியில் போட்டுவைத்தாயிற்று. எடை மிஷின் தட்டிலும் சூடான துணி.

ஜனவரி 6

நள்ளிரவில் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்குப் பெண் குழந்தை, 2.1 கிலோ. உடனே அழுதது. துடைத்து, ஈரத்துணியை மாற்றி, தொப்பி போட்டுத் தாயின் வெறும் மார்பில் கிடத்திப் போர்த்தினோம். பாட்டிக்குத் திருப்தியில்லை.

"ஒரு சொம்பு வெந்நி குடு கண்ணு. பிள்ள மேலெல்லாம் மாவா அப்பியிருக்கு."

"அது தோலுக்குக் காவல்ங்கம்மா. ஒரு நாள் முழுசாப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

பச்சைக் குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும். எடை குறைந்த பிள்ளைக்கு அந்தக் கையிருப்பும் கம்மி. உடம்பு குளிர்ந்தால் சர்க்கரை இறங்கும், மூச்சு திணறும். உடல் சூடு முதலில் 36.2 டிகிரி காட்டியது, தாய்ச்சூட்டிலேயே 36.7க்கு வந்துவிட்டது. 36.5 முதல் 37.5 வரை இருந்தால் எனக்கு நிம்மதி. சீம்பாலும் முதல் மணி நேரத்திலேயே குடித்தது.

ஜனவரி 7

வைட்டமின் கே நேற்றே போட்டாயிற்று. பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசியும் முடிந்தன. வார்டு நிரம்பி வழிகிறது.

ஜனவரி 8

குழந்தையை வெறும் மார்பில் தோலோடு தோலாக வைத்துக்கொள்ளும் கங்காரு முறை 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. இன்று எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே ஆரம்பித்து, நாளுக்கு 8 மணி நேரமாவது வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய் குளிக்கப் போனபோது அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். வெட்கத்தில் நெளிந்தார். பத்து நிமிடம் கழித்துக் குழந்தையைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை அவருக்கு.

ஜனவரி 10

டிஸ்சார்ஜ். வீட்டில் கரிச்சட்டி தயாராக இருக்கிறதாம், தாயும் பிள்ளையும் படுக்கும் அறைக்கு! இந்த மலையில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

"எங்க காலத்துல எல்லாம் வெச்சதுதான்."

"அப்ப ஓட்டு வீடுங்கம்மா, சந்து பொந்தெல்லாம் காத்து வந்துச்சு. இப்ப கான்கிரீட்டு, கண்ணாடி ஜன்னல்."

பாட்டி யோசித்தார். புறங்கையால் தொட்டுப் பார்க்கக் காட்டிக்கொடுத்தேன்: வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றால் உடனே மார்பில் போட்டுக்கொள்ள வேண்டும். வயிறும் சில்லிட்டால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால் 108ஐக் கூப்பிட வேண்டும், வழியெல்லாம் மார்பிலேயே.

"சரி கண்ணு, துணியெல்லாம் எங்க காயவைக்கிறது?"

மத்தியான வெயிலில் கொஞ்சம், மிச்சத்தைச் சமையலறைக் கொடியில். கரிச்சட்டி வாசலோடு சரி என்று ஒப்புக்கொண்டார்.